கையில் இரண்டு கட்டளைகள்: கொழும்பில் நடந்த ஒரு மீறல் வழக்கு

இந்த வழக்கில் மனுதாரரிடம் நீதிமன்றக் கட்டளைகள் இரண்டு இருந்தன. ஒன்று வீட்டு வன்முறைக்கு எதிராக நீதவான் நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்புக் கட்டளை. மற்றது புதுக்கடையில் உள்ள கொழும்பு மாவட்ட நீதிமன்றம் கொடுத்த தடையுத்தரவு. எதிராளி, அதாவது அவருடைய கணவர், இரண்டையும் மீறினார். முதலாவதை மீறியதற்குச் சிறைத்தண்டனை வந்தது. இரண்டாவதில் ஒரு செயலுக்கு மட்டும்தான் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சேதம் விளைவித்த அடுத்த செயல், சட்டத்தின் கணக்கில் மீறலே இல்லை என்று ஆனது.

மனுதாரருக்குச் சிங்களம் பேச்சளவில் மட்டும் தெரியும். அதனால் மொழி உதவிக்காக நான் கூடப் போனேன். வழக்கேட்டின் பிரதியையும் வைத்துப் பார்த்து, அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவர்களுடைய வீடு. தாயார் நன்கொடையாக எழுதிக் கொடுத்தது. உறுதி மனுதாரர் பெயரில். மேல்மாடி பாதி கட்டிய நிலையில் நின்றது. அதற்குக் காசு போட்டவர் கணவர், அதனால் மேல்மாடி தனக்குத்தான் என்பது அவருடைய வாதம். பிள்ளைகள் இரண்டு. அடி, உதை, சாமான்களை உடைப்பது என்று ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. கடைசியாக மூத்த மகள் முன்னாலேயே கை முறிந்தபோதுதான் மனுதாரர் முதல்முறையாக வெளியே சொன்னார். கணவர் வீட்டை விட்டுப் போய்த் தமக்கை வீட்டில் தங்கினார். ஆனால் வந்து வந்து போனார்.

பாதுகாப்புக் கட்டளை கிடைத்த விதம்

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் நேரடியாக நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம். எதிராளி மன்றில் இல்லாமலே இடைக்காலக் கட்டளை கொடுக்க முடியும். அதன்பின் 14 நாளுக்குள் விசாரணைக்குத் தவணை போட வேண்டும். விசாரணை முடிந்து கிடைக்கும் கட்டளை 12 மாதத்துக்கு மேல் போகாது.

இடைக்காலக் கட்டளை ஒரே நாளில் கிடைத்தது. வன்முறை செய்யக்கூடாது, வீட்டுக்குள் நுழையக்கூடாது. அவ்வளவுதான் அதில் இருந்தது. அந்தக் கிழமையே கணவர் வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பத் தொடங்கினார். "பிள்ளைகளைக் காட்டு", "நான் என்ன கொலையா செய்தனான்", இப்படி. மனுதாரர் பதறிப்போய், "கட்டளையை மீறிட்டார், ஏன் பிடிக்கினமில்லை?" என்று கேட்டார். சரி, அது நியாயமான கேள்விதான். ஆனால் கட்டளையில் தொடர்புகொள்ளத் தடை இல்லை. மிரட்டல் என்று சொல்லும்படியான வார்த்தையும் அந்தப் பதிவுகளில் இல்லை.

விண்ணப்பிக்கும்போதே யோசித்திருக்க வேண்டிய இடம் இதுதான். இந்தச் சட்டத்தில் கேட்கக்கூடியவை நிறைய. எந்த வழியிலும் தொடர்புகொள்ளத் தடை, வேலைத்தலத்துக்கோ பாடசாலைக்கோ வரத் தடை, பிள்ளைகளோடு தொடர்புக்குத் தடை, குடும்ப வீட்டை விற்றோ ஈடுவைத்தோ பெண்ணை நடுத்தெருவில் விடாதபடி தடை, பராமரிப்புக்குப் பணம், எல்லாம் கேட்கலாம். நீதவான் எல்லாவற்றையும் கொடுப்பார் என்றில்லை. ஆனால் கேட்காத ஒன்றைத் தானாக எழுதித் தரமாட்டார். இறுதிக் கட்டளைக்கான விசாரணையில் சட்டத்தரணி ஒவ்வொன்றாகக் கேட்டார். தொடர்புத் தடை, பாடசாலைத் தடை, பின்தொடரத் தடை மூன்றும் 12 மாதத்துக்குக் கிடைத்தன. எதிராளி அன்று மன்றில் நின்றார். கட்டளையை வாசித்துக் காட்டி, பிரதியில் அவருடைய கையொப்பம் வாங்கினார்கள். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கையொப்பம்தான் அத்திவாரம். "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் வாசல் அன்றே அடைபட்டுவிட்டது.

கட்டளை சிங்களத்தில் இருந்தது. கொழும்பு நீதிமன்றங்களின் வேலை மொழி அதுதான். ஆனால் அந்த மொழி விளங்காதவருக்கு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் கேட்க அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. மனுதாரர் முதலில் அதைக் கேட்கவில்லை. கூச்சம். "எல்லாரும் அவசரத்தில நிக்கினம், நான் போய்த் தொந்தரவு குடுக்கிறதா?" என்றார். தன் உயிரைக் காக்கிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு பெண் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மன்றில் உரைபெயர்ப்புச் செய்யும் நீதிமன்ற முதலியாரிடம் போய்ச் சொன்னோம். அவர் பொறுமையாக வரி வரியாகச் சொல்லித் தந்தார். நான் தமிழில் எழுதி ஒரு தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

முதல் மீறலும் ஒரு வாக்குமூலமும்

கட்டளை வந்த மாதமே கணவர் மாலை நேரங்களில் ஒழுங்கை முனையில் வந்து நின்றார். வீட்டுக்குள் வரவில்லை. மகள் டியூஷன் முடிந்து வரும்போது பின்னால் நடந்தார். மனுதாரர் பொலிசுக்குப் போனார். நான் அன்று கூட இல்லை; தமையன் போயிருந்தார். "வீட்டுக்குள்ள வரேல்லைத்தானே, அவர் தகப்பன், சமாதானமாப் போங்கோ" என்று சொல்லி அனுப்பினார்கள். வாக்குமூலம் ஒன்று எழுதினார்கள், சிங்களத்தில். மனுதாரர் ஒப்பம் வைத்தார்.

இரண்டு கிழமை கழித்து அதன் பிரதியை எடுத்து வாசித்தபோது எனக்கு மனம் இடிந்துபோனது. "கணவர் பிள்ளைகளைப் பார்ப்பதற்காக வீட்டுக்கு அருகே வந்தார், இது தொடர்பாக அறிவிக்கிறேன்" என்ற அளவில் இருந்தது. கட்டளை என்ற சொல்லே அதில் இல்லை. வழக்கிலக்கம் இல்லை. மகளைப் பின்தொடர்ந்தது இல்லை. பயந்தேன் என்றும் இல்லை. பின்பு வழக்கு நடந்தபோது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கையில் எடுத்தது இந்தத் தாளைத்தான். "மனுதாரரே சொல்லியிருக்கிறார், பிள்ளைகளைப் பார்க்க வந்ததாக" என்றார்.

அரச அலுவலகங்களோடு தமிழில் கருமமாற்ற கொழும்பிலும் நமக்கு உரிமை உண்டு; அது அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை. தமிழில் எழுதக்கூடிய உத்தியோகத்தர் அந்த நேரம் இல்லையென்றால், வாக்குமூலத்தைக் கையால் தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து அதை இணைக்கச் சொல்லலாம். அடுத்த முறை அப்படித்தான் செய்தோம். முதல் வரியிலேயே வழக்கிலக்கம், கட்டளைத் திகதி, எந்த வாசகம் மீறப்பட்டது. அப்புறம்தான் நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, யார் பார்த்தது. முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டை வாங்காமல் வெளியே வரவில்லை.

முதல் தரம் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது தமையனுக்குக் கடும் கோபம். "நீராவியடியில என்ன நடந்தது? கோட் ஓடர் இருந்து என்ன?" என்றார். 2019 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் கோவில் வளவில் ஒரு பிக்குவின் உடலைத் தகனம் செய்யக்கூடாது, வேறிடத்தில் செய்யுங்கள் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், பொலிசார் நிற்கும்போதே கோவில் கேணிக்குப் பக்கத்தில் தகனம் நடந்தது. அதைத் தமிழர் யாரும் மறக்கவில்லை. கட்டளை என்பது பலமுள்ளவனிடம் செல்லாது என்ற எண்ணம் நம்மவர் மனதில் ஊறிக் கிடப்பதற்கு இப்படியான காரணங்கள் உண்டு. அவருக்கு மறுப்புச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அந்த எண்ணம் ஒரு கெட்ட வேலையும் செய்கிறது. மீறல் நடக்கும்போது முறைப்பாடு செய்யாமல் விட்டுவிட வைக்கிறது. இந்த வழக்கில் ஒழுங்கை முனையில் நின்ற மாலைகள் எத்தனையோ. பதிவானது ஒன்று, அதுவும் பிழையாக.

பாடசாலை வாசலும் பிறகு நடந்ததும்

பாடசாலையில் நிலைமை வேறு. கட்டளையின் பிரதியை அதிபரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தோம். கணவர் பாடசாலை விடும் நேரம் வாசலுக்கு வந்து மகளை அழைத்தபோது காவலாளி விடவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர், நேரம், வாகன இலக்கம் மூன்றையும் எழுதினார். அதிபர் அன்றே ஒரு கடிதம் தந்தார். பாடசாலைக்கு வருவது கட்டளையில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்ட செயல். ஒழுங்கை முனையைப்போல இதற்கு வியாக்கியானம் தேவைப்படவில்லை.

பொலிஸ் இதைப் 'பி' அறிக்கையாக, அதாவது நடந்ததை நீதவானுக்குத் தெரிவிக்கும் அறிக்கையாக, நீதிமன்றத்துக்கு அனுப்பியது. எதிராளிக்கு அழைப்பாணை போனது. அவர் வந்து, பிணையில் போனார். மனுதாரர் எதிர்பார்த்தது அன்றே சிறை. அது நடக்கவில்லை என்று அழுதார். பாதுகாப்புக் கட்டளையை மீறுவது தனிக் குற்றம். நீதவான் முன்னால் சுருக்க முறையில் விசாரித்து, குற்றவாளி என்று கண்டால் 10,000 ரூபாவுக்கு மேற்படாத தண்டம், அல்லது ஓராண்டுக்கு மேற்படாத சிறை, அல்லது இரண்டும். விசாரித்து என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. எதிராளிக்கும் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும்.

பிணையில் வந்தவர் இரவில் குடித்துவிட்டு வந்து பின்கதவுப் பூட்டை உடைத்தார். பக்கத்து வீட்டு அக்கா 119க்கு அழைத்தார். பொலிஸ் விரைவாக வந்தது. இதில் கட்டளை மீறல் மட்டுமல்ல, வீடு புகுந்த குற்றமும் இருந்தது. கைதுக்கு வேறு யோசனை தேவைப்படவில்லை. அடுத்த நாள் மன்றில் ஆஜர்படுத்தினார்கள். நீதவான் வழக்கேட்டைப் பார்த்தார். பாடசாலை மீறல் நிலுவையில் இருக்கும்போதே மறுபடியும் என்றதும் விளக்கமறியல்.

கடைசியில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 6 மாதச் சிறைத்தண்டனை, 5 ஆண்டுக்கு ஒத்திவைப்பு. கூடவே 10,000 ரூபா தண்டம். தண்டப்பணத்தை அன்றே கட்டினார், அது அவருக்குப் பொருட்டே இல்லை. 2005இல் எழுதிய இந்தத் தொகை இன்றைய கொழும்பில் ஓர் அறையின் மாத வாடகைக்கும் காணாது. இதை உயர்த்தாமல் வைத்திருப்பது பெண்களின் பயத்துக்கு நாடாளுமன்றம் வைத்திருக்கும் விலை என்றுதான் நான் நினைக்கிறேன். அவரைக் கட்டிப்போட்டது ஒத்திவைத்த சிறைத்தண்டனை. அந்த 5 ஆண்டுக்குள் சிறைக்குரிய இன்னொரு குற்றம் செய்தால் இந்த 6 மாதமும் எழும்பி வரும். விளக்கமறியலில் இருந்த நாட்களும் அவருக்கு மறந்திருக்காது. அதன்பின் அவர் ஒழுங்கைப் பக்கம் வந்ததாக மனுதாரர் சொல்லவில்லை.

புதுக்கடைக் கோப்பு

இனி வீட்டு விவகாரம். இங்கேதான் நாங்கள் இழந்தோம்.

விளக்கமறியலுக்கு முந்திய காலத்தில் கணவர் மேல்மாடியைத் தனியாகப் பிரித்து வாடகைக்கு விட முயன்றார். பின்மதிலை உடைத்து வெளியிலிருந்து படி வைப்பது அவருடைய திட்டம். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, விசாரணை முடியும்வரை கட்டடத்தை மாற்றவோ யாரையும் குடியேற்றவோ கூடாது என்று முதற்கட்டத் தடையுத்தரவு வாங்கினோம். அவரையும், அவருடைய முகவர்கள், வேலையாட்களையும் சேர்த்து அது கட்டுப்படுத்தியது.

குடியியல் நடவடிக்கை முறைக் கோவையின் 664ஆம் பிரிவின்படி இந்த முதற்கட்ட உத்தரவு 14 நாளுக்குத்தான். நல்ல காரணம் காட்டினால் நீதிமன்றம் நீடிக்கும், அதுவும் ஒரு தடவைக்கு 14 நாளுக்கு மேற்படாமல்.

ஆறாம் நாள் காலை மேசன்மார் வந்து மதிலில் கை வைத்துவிட்டார்கள். மனுதாரர் நீதிமன்ற முத்திரை இருந்த பிரதியைக் கொண்டுபோய் மேசன் பாஸிடம் காட்டினார். அவர் ஒரு நிமிடம் பார்த்தார், "எங்களுக்கு இது தெரியாது நோனா" என்று சொல்லி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. உத்தரவைத் தெரிந்துகொண்டே அதை மீற உதவுகிறவரும் மாட்டக்கூடும் என்பதால், இப்படியான நேரத்தில் வேலையாளிடம் பிரதியைக் காட்டுவது மிகவும் பயனுள்ளது. பாதி மதில் அதற்குள் விழுந்திருந்தது. நாங்கள் திகதியோடு படம் எடுத்தோம்.

தடையுத்தரவை மீறினால் பாதுகாப்புக் கட்டளையைப்போலப் பொலிஸ் வழக்குப் போடுவதில்லை. 663ஆம் பிரிவு அதை நீதிமன்ற அவமதிப்பாகத் தண்டிக்கச் சொல்கிறது. சத்தியக்கடதாசியோடு நாமே நீதிமன்றத்துக்கு முறையிட வேண்டும். நீதிமன்றம் என்ன அவமதிப்பு என்று தெளிவாக எழுதி எதிராளிக்கு அழைப்பாணை அனுப்பும். நடவடிக்கைமுறை அதே கோவையின் 792இலிருந்து 800வரையான பிரிவுகளில் இருக்கிறது. சிறையும் தண்டமும் உண்டு என்பதால் இது குற்றவியல் தன்மை கொண்டது. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். அவமதிப்புக்கென்று தனிச் சட்டம் ஒன்று 2024இல்தான் வந்தது. எங்கள் வழக்கு அதற்கு முந்தியது.

நிரூபிக்கவேண்டிய முதல் விஷயம், அவருக்கு உத்தரவு தெரியுமா என்பது. இங்கே சிக்கல் வந்தது. நீதிமன்றக் கடதாசிகளைச் சேர்ப்பிக்கும் பிஸ்கால் உத்தியோகத்தர் உத்தரவைக் கொண்டுபோனது திருமண வீட்டின் முகவரிக்கு. கணவர் இருந்ததோ தமக்கை வீட்டில். வழக்கு மனுவில் நாங்கள் கொடுத்த முகவரி பழையது. எதிர்த்தரப்பு "சேர்ப்பிக்கப்படவில்லை" என்று நின்றது. எங்களைக் காப்பாற்றியது அவருடைய குரல்தான். மேசன்மார் வருவதற்கு முதல்நாள் மனுதாரரின் தமையனுக்கு அவர் அனுப்பிய பதிவில், "உன்ர தங்கச்சி கோட்டில பேப்பர் எடுத்தாலும் நான் மதிலை உடைப்பன்" என்று சொல்லியிருந்தார். தமையன் அதை அழிக்காமல் வைத்திருந்தார். அதைக் கேட்டபின் அவருடைய சட்டத்தரணி வழக்கை இழுக்கவில்லை. எதிராளி நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார். தன் செலவில் மதிலைக் கட்டித் தருவதாக உறுதி கொடுத்தார். நீதிமன்றம் கடுமையாக எச்சரித்து அதை ஏற்றுக்கொண்டது. மதில் எழுந்தது. சிறைக்குப் போகவில்லையே என்று தமையனுக்கு ஆறவில்லை. ஆனால் அவமதிப்பு வழக்கின் நோக்கம் உத்தரவை நடக்கச் செய்வது. உடைத்தவரே திருப்பிக் கட்டியதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

அடுத்தது மோசம். பதின்நான்காம் நாள் தவணைக்கு எங்கள் சட்டத்தரணிக்கு வேறு நீதிமன்றத்தில் வழக்கு. அவருக்குப் பதிலாக வந்த இளையவர் புதிய தவணைத் திகதியை எடுத்தார், உத்தரவை நீடிக்கும்படி கேட்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த தவணையில் நீடிப்புக் கேட்கப் போனபோதுதான் உத்தரவு உயிரோடு இல்லை என்று தெரிந்தது. இடையில் ஒரு சனிக்கிழமை, லொறியில் சாமான்களோடு ஒரு குடும்பம் மேல்மாடியில் குடியேறிவிட்டது. முற்பணம் கொடுத்திருந்தார்கள். கையில் வாடகை ஒப்பந்தமும் இருந்தது. அவர்களும் பாவம், கைக்குழந்தையோடு வந்தவர்கள். மதிலின் ஒரு பகுதியை உடைத்ததற்கு எதிராளி மன்றில் நின்று பதில் சொன்னார். முழுக் குடும்பத்தைக் குடியேற்றியதற்குச் சொல்லவேண்டி வரவில்லை. குடியேற்றிய அன்று எந்த உத்தரவும் நடைமுறையில் இல்லை.

பிறகு விசாரணை நடந்து, வழக்கு முடியும்வரைக்கான இடைக்காலத் தடையுத்தரவு கிடைத்தது. அது இனிமேல் நடப்பதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் குடும்பத்தை வெளியே அனுப்ப அவர்களையும் வழக்கில் சேர்த்து, தனி நிவாரணம் கேட்க வேண்டியதாயிற்று. அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இதே ஒழுங்கையில் வேறொரு வீட்டில் எல்லைத் தகராறு. அவர்கள் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில், அமைதி குலையக்கூடிய காணித் தகராறுகளுக்கான 66ஆம் பிரிவின்கீழ் போனவர்கள். அங்கே கொடுத்த கட்டளையை மீறினால் 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். "எங்களுக்கும் அவமதிப்பு வழக்குப் போடலாமா?" என்று மனுதாரரிடம் வந்து கேட்டார்கள். எந்தச் சட்டத்தில் கிடைத்த கட்டளையோ, மீறலுக்கான வழியும் முதலில் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கோப்பைப் பார்க்காமல் யாரும் பதில் சொல்லக்கூடாது. காசு இல்லாதவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கோப்போடு போகலாம். பெண்கள் 1938 என்ற உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

மனுதாரரின் பாதுகாப்புக் கட்டளை 12 மாதத்தோடு முடிந்தது. முடிகிற திகதியைக் கலண்டரில் முன்னமே குறித்து வைத்திருந்தார். அதற்கு ஒரு மாதம் முன்பே புதிய விண்ணப்பத்துக்கான கடதாசிகளோடு சட்டத்தரணியிடம் போனார். பாடசாலைக் கடிதம், தீர்ப்பின் பிரதி, முறைப்பாட்டுத் துண்டுகள், தமையனின் தொலைபேசியில் இருந்த பதிவின் எழுத்துவடிவம் எல்லாம் அதில் இருந்தன. வாக்குமூலத்தை இந்த முறை அவரே தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.